பூவுக்கு முகம் வரைந்தவர்!



எங்கள் அருள்புரத்தில் எந்த வீதியில் நடந்தாலும் தையல் மெஷின் சத்தம் கேட்கும். திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவே உள்ள ஊர் அல்லவா! பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனியன் வேஸ்ட் துணியே விளையாட்டுச் சாமான்.

உங்கள் வீட்டில் பழைய பனியன் இருந்தால் ஒன்றை எடுத்து வாருங்கள். இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். துணி நீள்கிறது. அதே நேரத்தில் அதன் நடுப்பகுதியைக் கவனியுங்கள். அகலம் குறைந்திருக்கும். கையை விடுங்கள். துணி பழையபடி சுருங்கிவிடும். துணி கொஞ்சமும் கூடவில்லை, கொஞ்சமும் குறையவில்லை. உருவம் மட்டுமே மாறியது.

இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே சிரிக்கவும் அழவும் வைத்த ஒரு மனிதர் இருந்தார். மிக்கி மவுஸைத் தெரியாத பிள்ளை உண்டா? அந்த மிக்கி மவுஸை உலகுக்குத் தந்த வால்ட் டிஸ்னிதான் அவர். அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

தார் பூசிய சுவர்

அமெரிக்காவில் சிகாகோ என்ற பெரிய நகரத்தில், 1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி வால்ட் பிறந்தான். அப்பா பெயர் எலியாஸ். அம்மா பெயர் ஃப்ளோரா. ஐந்து குழந்தைகளில் வால்ட் நான்காவது. அவனுக்கு மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை.

வால்டுக்கு நான்கு வயதாக இருந்தபோது குடும்பம் மார்சலின் என்ற சிற்றூருக்குக் குடிபோனது. அங்கே அவர்களுக்கு ஒரு பண்ணை. பன்றி, கோழி, மாடு, குதிரை, ஆப்பிள் மரங்கள் என்று எங்கு பார்த்தாலும் உயிர்கள்! வால்ட் நாளெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பன்றி எப்படி நடக்கிறது? கோழி தலையை எப்படி ஆட்டுகிறது? குதிரை கோபம் வந்தால் காதை என்ன செய்கிறது? இப்படிப் பார்ப்பதே அவனுக்கு விளையாட்டு.

ஒருநாள் அவனும் தங்கை ரூத்தும் ஒரு பீப்பாய் நிறையத் தார் இருப்பதைக் கண்டார்கள். விடுவார்களா? குச்சியைத் தாரில் தோய்த்து, வீட்டின் வெள்ளைச் சுவரில் படம் வரைந்துவிட்டார்கள். தார் அழியவே இல்லை! அப்பாவுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா?

அதே ஊரில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் பக்கத்தில் குடியிருந்தார். அவர் தம்முடைய குதிரையைப் படமாக வரைந்து தரும்படி வால்டிடம் கேட்டார். வரைந்து முடித்ததும் சன்மானமும் கொடுத்தார். படம் வரைந்தால் காசும் பாராட்டும் கிடைக்கும் என்பதை வால்ட் அன்று தெரிந்துகொண்டான்.

பூவுக்கு முகம் உண்டா?

பண்ணையில் வருமானம் போதவில்லை. அப்பாவுக்கு உடம்பும் சரியில்லை. பண்ணையை விற்றுவிட்டு, 1911இல் கன்சாஸ் சிட்டி என்ற நகரத்துக்குக் குடும்பம் போனது. அங்கே அப்பா செய்தித்தாள் விநியோகம் செய்யும் உரிமையை வாங்கினார். அண்ணன் ராயும் வால்டும் விடியற்காலை மூன்றரை மணிக்கே எழுந்து, வீடு வீடாகப் பேப்பர் போட வேண்டும். பனிக்காலத்தில் முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடந்தாலும் விடுமுறை கிடையாது. இப்படி ஏறக்குறைய 6 ஆண்டுகள்! அதனால் பள்ளிக்கூடத்தில் வால்ட் தூங்கி வழிவான். ஆனால் ஓவிய நேரம் வந்தால் மட்டும் தூக்கம் பறந்துவிடும்.

வால்டின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு கதை உண்டு. ஒருநாள் வகுப்பில் ஆசிரியை ஒரு பூச்சாடியை மேசைமேல் வைத்து, அதைப் பார்த்து வரையச் சொன்னாராம். எல்லாப் பிள்ளைகளும் பார்த்தபடி வரைந்தார்கள். வால்ட் மட்டும் பூக்களுக்குக் கண், மூக்கு, வாய் வைத்தான். இலைகளைக் கைகளாக மாற்றினான். ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை. பூவுக்கு ஏது முகம் என்று கண்டித்துவிட்டாராம்.

குழந்தைகளே, இந்த இடத்தில் நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் அப்படி ஓர் ஆசிரியனாக இருந்தவன்தான். பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி தையல் மெஷின் படம் வரைந்து வந்தாள். அந்த மெஷினுக்கு இரண்டு கண்கள். ஊசி இருக்கும் இடத்தில் நீளமான மூக்கு. பாவம், தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல அதன் இமைகள் பாதி மூடியிருந்தன. நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளுடைய அம்மா இரவு ஷிப்டில் பவர் டேபிள் தைப்பவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சிறுமி மெஷினை வரையவில்லை. அம்மாவின் களைப்பை வரைந்திருந்தாள்! அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் படம் எதையும் என்னிடம் கொண்டு வந்து காட்டவே இல்லை.

அப்படியானால் உள்ளபடி வரைவது சரியா, கற்பனையாக மாற்றி வரைவது சரியா? வால்ட் டிஸ்னியின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விக்கு விடை தேடிய பயணம்தான். வாருங்கள், அவரோடு போவோம்.

நூலகம் தந்த புத்தகம்

பள்ளிப் பருவத்திலேயே வால்ட் ஓவிய வகுப்புகளுக்குப் போய் வந்தார். முதல் உலகப்போர் முடியும் நேரத்தில், 1918இல், செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய் வாகனம் ஓட்டினார். திரும்பி வந்து, 1919இல் கன்சாஸ் சிட்டியில் ஒரு விளம்பர ஓவிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் அப் ஐவர்க்ஸ். மின்னல் வேகத்தில் படம் வரையக்கூடியவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, திரையரங்குகளுக்கு விளம்பரப் படம் எடுக்கும் நிறுவனத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அங்கேதான் அனிமேஷன் என்ற அதிசயத்தை வால்ட் பார்த்தார். ஒரு படம், அதிலிருந்து சற்றே மாறிய இன்னொரு படம், பிறகு இன்னும் சற்று மாறிய மற்றொரு படம். இப்படி ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் கண்முன் ஓடினால், படம் நகர்வதுபோல நமக்குத் தோன்றும்.

வால்டுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? நேராகப் பொது நூலகத்துக்குப் போனார்! அனிமேஷன் எப்படிச் செய்வது என்று லட்ஸ் என்பவர் எழுதிய புத்தகத்தை எடுத்துப் படித்தார். மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படங்களையும் தேடிப் பார்த்தார். அந்த மைபிரிட்ஜ்தான் 1878இல் ஓடும் குதிரையை வரிசையாகப் பல கேமராக்களால் படம் பிடித்து, ஓட்டத்தின் நடுவே குதிரையின் நான்கு கால்களும் தரையைவிட்டு மேலே இருக்கும் நொடி ஒன்று உண்டு என்று காட்டியவர். மனிதர் நடப்பது, ஓடுவது, குதிப்பது எல்லாம் அவர் படங்களில் இருந்தன.

பாருங்கள், பூவுக்கு முகம் வரைந்த பையன், உண்மையான குதிரை எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொள்ளப் புத்தகம் தேடுகிறான்!

விழுந்தார், எழுந்தார்

1922இல் வால்ட் சொந்தமாக ஒரு கார்ட்டூன் நிறுவனம் தொடங்கினார். அடுத்த வருடமே அது திவாலாகிவிட்டது. பையில் கொஞ்சம் பணமும், மாற்றுத் துணியுமாக 1923இல் ரயிலேறி ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கே அண்ணன் ராயுடன் சேர்ந்து புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். அண்ணன் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டார். தம்பி கற்பனையைப் பார்த்துக்கொண்டார்.

1927இல் அவர்கள் உருவாக்கிய ஆஸ்வால்ட் என்ற முயல் புகழ்பெற்றது. ஆனால் அந்த முயலின் உரிமை, படங்களை வாங்கி வெளியிட்டவர்களின் கையில் இருந்தது. ஒப்பந்தத்தைக் கவனிக்காத தவறு! 1928இல் முயலும் போயிற்று, வால்டிடம் வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலானவர்களும் போய்விட்டார்கள். அப் ஐவர்க்ஸ் கூடவே நின்றார்.

போன முயலுக்குப் பதிலாக ஒரு சுண்டெலி பிறந்தது. அதுதான் மிக்கி மவுஸ்! மிக்கியைப் பற்றிய எண்ணங்கள் வால்டுடையவை. ஆனால் அதை வரைந்து உருக்கொடுத்தவர் அப் ஐவர்க்ஸ். வால்ட் குரல் கொடுத்தார். 1928 நவம்பர் 18ஆம் தேதி நியூயார்க்கில் "ஸ்டீம்போட் வில்லி" என்ற படம் திரைக்கு வந்தது. படத்துடன் ஒலியும் கச்சிதமாகப் பொருந்தி வந்ததைக் கண்டு மக்கள் வியந்தார்கள்.

1932இல் "பூக்களும் மரங்களும்" என்ற படம் வந்தது. மூன்று வண்ண டெக்னிகலர் முறையில் வெளியான முதல் கார்ட்டூன் அது. கார்ட்டூன் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கர் விருதும் அதற்கே கிடைத்தது. அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? முகம் வைத்த பூக்கள்! கைகளை ஆட்டி நடனமாடும் மரங்கள்! வகுப்பில் திட்டு வாங்கிய படம், இப்போது உலகப் பரிசு வாங்கியது.

பெரியவர்களுக்கும் ஒரு பள்ளிக்கூடம்

விருது வாங்கியவர் அத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். வால்ட் அப்படி இருக்கவில்லை. தன் படங்களில் ஒரு குறை இருப்பது அவருக்குத் தெரிந்தது. அந்தக் காலத்துக் கார்ட்டூன்களில் கை, கால்கள் ரப்பர் குழாய்போல வளைந்து நெளியும். முழங்கை, முழங்கால் என்று ஒன்றுமே இருக்காது. எலி, பூனைக்கு அது சரி. ஐந்து நிமிடம் சிரிக்கலாம். ஆனால் ஒன்றரை மணி நேரக் கதையில் ஒரு பெண் அழுதால், பார்ப்பவர்களும் அழ வேண்டுமே! ரப்பர் குழாய் அழுதால் யார் அழுவார்கள்?

ஆகவே, 1932இல் தன் ஓவியர்களுக்கு வகுப்பு வைத்தார். டான் கிரகாம் என்ற ஓவிய ஆசிரியர் வந்து கற்பித்தார். வேலைக்கு வந்த பெரியவர்கள் மாலையில் மாணவர்கள் ஆனார்கள். மனிதர்களை எதிரில் நிறுத்தி, எலும்பு எங்கே, தசை எங்கே, எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார்கள்.

அங்கே கொடுக்கப்பட்ட பயிற்சிகளில் ஒன்று மிகவும் வேடிக்கையானது. பாதி நிரம்பிய மாவுச் சாக்கு ஒன்றை வரைய வேண்டும். அதற்குக் கண் கிடையாது, வாய் கிடையாது. ஆனாலும் அந்தச் சாக்கு சந்தோஷமாக இருப்பதையும், சோகமாக இருப்பதையும், கர்வத்தோடு நிமிர்ந்து நிற்பதையும் காட்ட வேண்டும்!

சாக்கை மேலே இழுத்தால் நீண்டு ஒல்லியாகும். கீழே போட்டால் நசுங்கி அகலமாகும். உள்ளே இருக்கும் மாவு மட்டும் அதே அளவுதான். நம் பனியன் துணி செய்த வித்தைதான் இது! பந்து தரையில் மோதும்போது அதைத் தட்டையாக வரைவார்கள். எழும்பும்போது நீளமாக வரைவார்கள். உண்மையான பந்து அவ்வளவு தட்டையாகாது. மிகைப்படுத்தித்தான் வரைகிறார்கள். ஆனால் பந்தின் பருமன் கூடவோ குறையவோ விடமாட்டார்கள். அந்தக் கணக்குத் தப்பினால் பந்து பலூன்போல ஊதுகிறது என்று நம் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

மிகைப்படுத்தலாம், ஆனால் அதற்கும் ஒரு விதி உண்டு. உண்மையை நன்றாகப் பார்த்தவருக்குத்தான் அந்த விதி தெரியும். வால்டின் பள்ளிக்கூடம் கற்றுத்தந்த பாடம் இதுதான்.

ஏழு குள்ளர்களும் ஓர் இளவரசியும்

இந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டு வால்ட் ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார். "ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்" என்ற முழுநீளக் கார்ட்டூன் படம். அமெரிக்காவில் அப்படி யாரும் எடுத்ததில்லை. ஒன்றரை மணி நேரம் யார் கார்ட்டூன் பார்ப்பார்கள் என்று திரையுலகில் பலர் ஏளனம் செய்தார்கள். டிஸ்னியின் முட்டாள்தனம் என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். செலவு ஏறிக்கொண்டே போய்ச் சுமார் 15 லட்சம் டாலரைத் தொட்டது. வீட்டை அடமானம் வைத்தார். வங்கியில் கடன் வாங்கினார். படம் தோற்றிருந்தால் நிறுவனமே மூடப்பட்டிருக்கும்.

இந்தப் படத்தில் ஒரு புதுமையைக் கவனியுங்கள். இளவரசி ஸ்நோ ஒயிட்டை உண்மையான பெண்ணைப்போல வரைந்தார்கள். மார்ஜ் என்ற இளம் நடனக் கலைஞரை நடக்கவும் ஆடவும் வைத்துப் படம் பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்து வரைந்தார்கள். குள்ளர்களையோ பெரிய மூக்கு, உருண்டைத் தொப்பை, தொளதொளச் சட்டை என்று மிகைப்படுத்தி வரைந்தார்கள்.

எது கடினமாக இருந்தது தெரியுமா? உண்மைபோல வரைவதுதான்! குள்ளரின் மூக்கு சற்றுக் கோணினால் யாருக்கும் தெரியாது. மனித முகத்தைத்தான் நாம் பிறந்த நாள் முதல் பார்க்கிறோமே! அதில் கடுகளவு பிசகினாலும் கண்ணில் குத்தும். இளவரசரை உயிரோட்டமாக வரைவது அவ்வளவு சிரமமாக இருந்ததால், படத்தில் அவர் வரும் காட்சிகளையே குறைத்துவிட்டார்கள்.

1937 டிசம்பர் 21ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஸ்நோ ஒயிட் அசைவின்றிக் கிடக்க, குள்ளர்கள் சுற்றி நின்று கண்ணீர் விட்ட காட்சியில், திரையரங்கில் இருந்த பெரியவர்களே அழுதார்கள். வரைந்த படத்துக்காக அழுதார்கள்! அழ வைத்தவை எவை? பெரிய மூக்கு வைத்த, உலகில் எங்குமே இல்லாத அந்தக் குள்ள முகங்கள்தாம்.

இந்தப் படத்துக்காக வால்டுக்கு ஒரு சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். ஒரு பெரிய சிலை, அதன் பக்கத்தில் படிக்கட்டுபோல ஏழு குட்டிச் சிலைகள்! அதை அவருக்கு வழங்கியவர் ஷெர்லி டெம்பிள் என்ற பத்து வயதுக் குழந்தை நட்சத்திரம்.

மான்குட்டிகள் வந்தன

ஸ்நோ ஒயிட் படத்தில் வந்த மான்கள் ஓவியர்களுக்கே திருப்தி தரவில்லை. அடுத்து "பாம்பி" என்ற மான்குட்டியின் கதையை எடுக்கத் தொடங்கியபோது, வால்ட் விடவில்லை. இரண்டு மான்குட்டிகளை ஸ்டூடியோவுக்கே வரவழைத்தார்! ஓவியர்கள் அவற்றைச் சுற்றி உட்கார்ந்து, அவை எழுவதை, தடுமாறுவதை, காதை அசைப்பதை வரைந்தார்கள். மானின் எலும்பும் தசையும் எப்படி இருக்கும் என்று தனி வகுப்பும் நடந்தது.

உடம்பு உண்மையான மான்போல வந்துவிட்டது. முகத்துக்கு என்ன செய்வது? மானுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. புருவம் இல்லை. உதடு நம்மைப்போல அசையாது. மானின் மனத்தில் இருப்பதை முகத்தில் எப்படிக் காட்டுவது? மார்க் டேவிஸ் என்ற ஓவியர் கைக்குழந்தைகளின் முகங்களைப் பார்த்து, அந்தப் பாவங்களை மானின் முகத்துக்குக் கொண்டு வந்தார். உடல் மானுடையது, பார்வை குழந்தையுடையது. 1942இல் வெளியான பாம்பியைப் பார்த்து இன்றும் மனம் கசியாதவர்கள் குறைவு.

வால்ட் தவறே செய்யாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். 1941இல் அவருடைய ஓவியர்களில் பலர் சம்பளத்துக்காகவும், படத்தில் தங்கள் பெயர் வர வேண்டும் என்பதற்காகவும் ஸ்ட்ரைக் செய்தார்கள். ஸ்ட்ரைக் என்றால் என்ன என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. வால்டுக்கு அவர்கள் மீது கடும் கோபம். அந்த மனக்கசப்பு நெடுநாள் ஆறவில்லை. ஆயிரக்கணக்கான படங்களுக்கு மை தீட்டி வண்ணம் கொடுத்த பெண்களின் பெயர்களையும் அப்போது யாரும் திரையில் காட்டவில்லை. ஒருவர் பெயரில் நிற்கும் படம் பலருடைய கைவேலை என்பதை மறக்கக்கூடாது. ஒரு பனியன் முழுமையாவதற்குக் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று எத்தனை கைகள் மாறுகின்றன! அதுபோலத்தான் இதுவும்.

பம்பாய்க்கு வந்த பாடம்

வால்டின் ஸ்டூடியோவில் கற்ற பாடம் நம் நாட்டுக்கும் வந்தது. அங்கே வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்ற ஓவியர் 1956இல் பம்பாய்க்கு வந்தார். மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனில் நம் இளைஞர்களுக்கு அனிமேஷன் கற்றுக்கொடுத்தார். அங்கே 1957இல் ஒரு படம் உருவானது. அதன் ஆங்கிலப் பெயர் "தி பேனியன் டீர்". பனியன் போட்ட மான் என்று நினைத்துவிடாதீர்கள்! ஆங்கிலத்தில் பேனியன் என்றால் ஆலமரம். புத்த ஜாதகக் கதையில் வரும் மானின் கதை அது.

அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் வேதியியல் படித்துவிட்டு வந்த ராம் மோகன். பிற்காலத்தில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரைப் போற்றினார்கள். 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆனால் மிகைப்படுத்தும் கலை நமக்குப் புதிதா என்ன? ஊர் எல்லையில் ஐயனார் சிலையைப் பாருங்கள். உருட்டி விழிக்கும் கண்கள், முறுக்கிய மீசை! அந்த அளவுக் கண் எந்த மனிதருக்கும் கிடையாது. இருந்தாலும், ஊரைக் காக்கும் காவல் என்றால் என்ன என்பதை அந்தக் கண்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுகின்றன. நம் குயவர்களுக்கு இந்த வித்தை எப்போதோ தெரிந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

1955இல் டிஸ்னிலாண்ட் என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவை வால்ட் திறந்தார். புகைப்பழக்கம் அவர் உடலைக் கெடுத்தது. நுரையீரல் புற்றுநோயால் 1966 டிசம்பர் 15ஆம் தேதி, 65ஆம் வயதில் காலமானார். அவர் கடைசியாகக் கவனித்து உருவாக்கிய கார்ட்டூன் படங்களில் ஒன்று நம் நாட்டுக் காட்டில் நடக்கும் "ஜங்கிள் புக்". அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1967இல் அது வெளியானது. கௌரவ விருதுகளையும் சேர்த்து அவர் பெற்ற ஆஸ்கர் விருதுகள் 26. தனி ஒருவர் அதிகம் பெற்றது என்ற சாதனை அது.

அவர் கம்ப்யூட்டர் அனிமேஷனைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் பாடம் கம்ப்யூட்டருக்குள்ளும் போனது. 1986இல் பிக்சார் நிறுவனம் இரண்டே நிமிட அளவில் ஒரு படம் எடுத்தது. அதில் மனிதர் இல்லை, முகம் இல்லை. ஒரு பெரிய மேசைவிளக்கும், ஒரு குட்டி மேசைவிளக்கும்தான். குட்டி விளக்குக்கு உடம்பை மட்டும் சிறிதாக்கி, பல்பைப் பெரிய விளக்கின் அளவிலேயே விட்டார்கள். குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரியுமே, அதுபோல! பார்த்தவுடன் அது அம்மா அப்பா வைத்திருக்கும் குட்டிப்பயல் என்று தோன்றிவிடும். மாவுச் சாக்கின் பேரன் என்று அந்த விளக்கைச் சொல்லலாம். 1995இல் அதே நிறுவனம் எடுத்த "டாய் ஸ்டோரி" முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவான முதல் முழுநீளப் படம்.

கம்ப்யூட்டர் வளர வளர, ஒவ்வொரு மயிரிழையையும் உண்மைபோலக் காட்ட முடிந்தது. நடிகரின் உடம்பில் குறிகளைப் பொருத்தி, அவர் அசைவை அப்படியே பிடித்துக்கொள்ளும் மோஷன் கேப்சர் முறையும் வந்தது. தமிழில் 2014இல் வந்த ரஜினிகாந்தின் "கோச்சடையான்" அந்த முறையில் எடுக்கப்பட்டதுதான்.

எல்லாம் உண்மைபோல ஆகிவிட்டால் கதை தானாக உயிர் பெற்றுவிடுமா? ஒரு சோதனை செய்து பாருங்கள். 1994இல் வந்த கார்ட்டூன் "லயன் கிங்" படத்தையும், 2019இல் கம்ப்யூட்டரில் உண்மைச் சிங்கம்போலவே எடுத்த படத்தையும் பாருங்கள். கதை ஒன்றேதான். புதிய படத்தில் பிடரி மயிர் காற்றில் பறப்பது அசல் சிங்கமேதான்! கோடிக்கணக்கானவர்கள் வியந்து பார்த்தார்கள். ஆனால், அப்பா சிங்கம் இறந்ததும் குட்டியின் முகத்தில் போதிய துக்கம் தெரியவில்லையே என்று பலர் குறைபட்டார்கள். காரணம் எளிது. அசல் சிங்கத்தின் முகம் நம்மைப்போல அழாது. அசலை அப்படியே காட்டினால், அசலில் இல்லாததைக் காட்ட முடியாது அல்லவா?

அந்தச் சிறுமிக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பூவுக்கு முகம் வரைந்த வால்ட் சரியா, கண்டித்த ஆசிரியை சரியா?

ஆசிரியை பாதி சரி. பூவை நன்றாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் முகம் வைத்தால் அது கிறுக்கல். வால்டும் பெரியவரான பிறகு மானையும் மனிதரையும் பார்த்துப் பார்த்துத்தான் வரைய வைத்தார். ஆனால் பார்த்தாகிவிட்டது, மனத்தில் ஏதோ தோன்றுகிறது. அதைச் சொல்ல மூக்கை நீட்டினால் என்ன, கண்ணைப் பெரிதாக்கினால் என்ன? அது பொய் ஆகாது. உண்மையை எல்லோருக்கும் தெரியும்படி பெரிதாக்கிக் காட்டுவதுதான் அது.

என் வகுப்புச் சிறுமி தையல் மெஷினை நன்றாகப் பார்த்திருந்தாள். ஊசியும் சக்கரமும் நூல்கண்டும் அதனதன் இடத்தில் இருந்தன. அம்மாவையும் நன்றாகப் பார்த்திருந்தாள். பார்க்காதவன் நான்தான். இன்று அவள் எங்கிருந்தாலும், அந்தச் சிவப்பு மையை அழித்துவிட்டு, அருமை என்று எழுத எனக்கு ஆசை.

குழந்தைகளே, உங்கள் பழைய நோட்டின் ஓரத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பந்தை வரையுங்கள். ஒவ்வொன்றும் சற்றுக் கீழே இறங்கட்டும். தரையைத் தொடும் பக்கத்தில் மட்டும் பந்தைத் தட்டையாக வரையுங்கள். மேலே எழும்பும்போது கொஞ்சம் நீளமாக வரையுங்கள். இருபது பக்கம் போதும். பிறகு கட்டைவிரலால் தாள்களைச் சரசரவென்று விட்டுப் பாருங்கள். உங்கள் பந்து துள்ளும்! தட்டையாக வரையாமல் இன்னொரு நோட்டில் வரைந்து, இரண்டையும் ஒப்பிட்டும் பாருங்கள். எந்தப் பந்துக்கு உயிர் இருக்கிறது என்று உங்கள் கண்ணே சொல்லும்.

அடுத்து உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை ஐந்து நிமிடம் பாருங்கள். ஆட்டுக்கல்லோ, சைக்கிளோ, தையல் மெஷினோ எதுவானாலும் சரி. நன்றாகப் பார்த்த பிறகு அதற்கு ஒரு முகம் வையுங்கள். அதை அம்மாவிடமும் ஆசிரியரிடமும் காட்டுங்கள். அவர்கள் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.